தண்டவாளம் வரட்டும், தூசியும் சரிவும் வேண்டாம்

தக்கலைக்காரர்களுக்கு ரயிலேற இரணியல் நிலையம்தான் பக்கம். 1979-இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம் – கன்னியாகுமரி பாதை ஒற்றைத் தண்டவாளமாக இருந்ததால், கிராசிங்குக்காக ரயில்கள் காத்துக் கிடப்பது இங்கே பழகிப்போன விஷயம். சுமார் 87 கி.மீ. நீளமுள்ள அந்தப் பாதையை இரட்டைப் பாதையாக்குவது கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தேவையான திட்டம். அந்தப் பணி மண்ணையும் தண்ணீரையும் மூச்சையும் எப்படித் தொடுகிறது, அதைக் கட்டுக்குள் வைக்க என்ன வழி என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மண்ணும் தண்ணீரும்

இன்னொரு தண்டவாளம் போட மேட்டை வெட்ட வேண்டும். பள்ளத்தில் மண்ணை நிரப்ப வேண்டும். மேலே கருங்கல் ஜல்லி பரப்ப வேண்டும். எனவே பாதிப்பு தண்டவாள ஓரத்தோடு நிற்பதில்லை. ஜல்லிக்காக உடைபடும் மலை, மண் எடுக்கும் இடம், டாரஸ் லாரி ஓடும் சாலை எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

இரணியல், குழித்துறை பகுதியில் பாதை பல இடங்களில் மேடுகளைக் குடைந்து செல்கிறது. செம்மண்ணும் சரளைக்கல்லும் கலந்த அந்தச் சரிவு, மழைநீர் ஊறினால் இளகிவிடும். 2021 நவம்பர் கனமழையில் இந்தத் தடத்தில் மண் சரிந்து ரயில்கள் நின்றன. சரிவைச் செங்குத்தாக வெட்டாமல் படிப்படியாக வெட்டுவது, மேல்விளிம்பில் வடிகால் அமைப்பது, அடியில் தாங்குசுவர் கட்டுவது, புல் வளர்ப்பது ஆகியவை இதற்கான தீர்வுகள். மழைக்காலத்துக்கு முன்பே இவற்றை முடிக்க வேண்டும்.

தண்ணீரின் கதை வேறு. பேச்சிப்பாறை அணை நீர் சானல்கள் வழியே குளம் குளமாகப் பாய்கிற ஊர் இது. புதிய மண்கரை ஒரு ஓடையை மறித்தால் மேல்புறத்து வயல் மூழ்கும், கீழ்புறத்துக் குளம் காயும். பழைய கரையில் உள்ள சிறுபாலத்தின் அகலம் புதிய கரையிலும் குறையாமல் இருக்க வேண்டும்.

உடலுக்கு என்ன கேடு?

பெரிய தூசியை மூக்கு தடுத்துவிடும். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள் நுரையீரலின் ஆழம்வரை போய்விடும். 24 மணி நேர சராசரியில், ஒரு கன மீட்டர் காற்றில் அது 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது தேசிய அளவுகோல். கருங்கல் தூசியில் உள்ள சிலிக்கா இன்னும் கொடியது. ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசிக்கும் தொழிலாளிக்கு சிலிக்கோசிஸ் வரலாம். நுரையீரலைத் தழும்பாக்கும் இந்நோய்க்கு இதுவரை முழுக் குணம் தரும் மருந்து இல்லை. ஜல்லியை நனைத்தே கையாள்வதும், லாரியைத் தார்ப்பாயால் மூடுவதும், தகுந்த முகக்கவசமும் செலவு குறைந்த தடுப்புகள்.

குடியிருப்புப் பகுதியில் சத்தம் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி. தோண்டிய குழியில் தேங்கும் நீரில் கொசு பெருகும். முதலில் காய்ச்சலில் விழுவது பக்கத்திலேயே கொட்டகையில் தங்கியிருக்கும் தொழிலாளிதான்.

சட்டத்தில் உள்ள ஓட்டை

2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் நெடுஞ்சாலையும் விமான நிலையமும் உண்டு. ரயில் பாதை இல்லை. அதனால் முன் அனுமதியும் மக்கள் கருத்துக் கேட்பும் ரயில் பாதைக்குக் கட்டாயமாகவில்லை. சாலை போன்ற நீள்திட்டங்களுக்கு மண் எடுக்க 2020-இல் மத்திய அரசு தந்த விலக்கை, 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எங்கே, எவ்வளவு மண் எடுக்கப்படுகிறது என்று யாரும் கேட்காமல் விட முடியாது என்பதே அதன் பாடம்.

சென்னை காட்டும் வழி

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களில் 118.9 கி.மீ.; மதிப்பு ரூ.63,246 கோடி. இதற்குக் கடன் தரும் ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவை பாதிப்பு மதிப்பீடு, மேலாண்மைத் திட்டம், புகார் கேட்கும் ஏற்பாடு ஆகியவற்றை நிபந்தனையாக்குகின்றன. தூசி, இரைச்சல், அதிர்வு அளக்கப்படுகின்றன. அறிக்கைகள் பொதுவில் வருகின்றன.

அங்கேயும் விபத்து இல்லாமல் இல்லை. முதல் கட்டப் பணியின்போது, 2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலையில் சுரங்கம் தோண்டிய இடத்தில் சாலை உள்வாங்கி, மாநகரப் பேருந்தும் காரும் பள்ளத்தில் இறங்கின. 2025 ஜூனில் ராமாபுரம் அருகே மெட்ரோ பாலத்தின் உத்தரங்கள் விழுந்து பைக்கில் சென்றவர் உயிரிழந்தார். காகிதத்தில் திட்டம் இருந்தால் மட்டும் போதாது, நாள்தோறும் மேற்பார்வை வேண்டும் என்பதை இவை சொல்கின்றன.

நாம் கேட்க வேண்டியவை

தலைநகரத்து மூச்சுக்கு ஒரு நியாயம், தக்கலை மூச்சுக்கு ஒரு நியாயம் என்று இருக்கக் கூடாது. கடன் கொடுப்பவர் கேட்டால்தான் கணக்கு என்ற நிலையும் மாற வேண்டும். ரயில் பாதைகளை 2006 பட்டியலில் சேர்ப்பதே நிரந்தரத் தீர்வு. அதுவரை மூன்றைக் கேட்போம்: மண்ணும் கல்லும் எங்கிருந்து வருகின்றன, அதற்கு அனுமதி உண்டா? ஓடை, சானல் குறுக்கிடும் இடங்களில் பாலத்தின் அகலம் என்ன? தூசியையும் இரைச்சலையும் யார் அளக்கிறார்கள், புகாரை யாரிடம் தருவது? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்படி ரயில்வேயிடம் யாரும் இவற்றைக் கேட்கலாம். கிராம சபையில் தீர்மானம் போடலாம். நகராட்சி உறுப்பினர் வழியாகக் கேட்கலாம். மண்கரை எழும்பிய பிறகு கேட்பதைவிட, வேலை நடக்கும்போதே கேளுங்கள்.