வர்க்கமூலத்தில் ஓடும் கம்பெனி வேன்

காலை ஏழரை மணிக்கெல்லாம் திருப்பூர் மண்ணரைப் பக்கம் கம்பெனி வேன்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். சாப்பாட்டுப் பையோடு தெருமுனைகளில் நிற்பவர்களை ஏற்றி, ஷிப்ட் தொடங்கும் முன் பனியன் கம்பெனி வாசலில் இறக்க வேண்டும். நேற்று ஏறியவர் இன்று லீவு போட்டிருப்பார். புதிதாகச் சேர்ந்தவர் வேறொரு தெருவில் நிற்பார். பாதை தினம் தினம் மாறும். டீசல் செலவையும் வாடகையையும் மட்டும் முன்கூட்டியே பேசி முடித்தாக வேண்டும்.

அழைத்ததும் வந்து நிற்கும் ஷேர் டாக்ஸிக்கும் இதே சிக்கல்தான். வழியில் யார் யார் ஏறுவார்கள் என்று தெரியும் முன்பே கட்டணம் சொல்லியாக வேண்டும். போகப்போகும் பாதையே தெரியாதபோது அதன் நீளத்தை எப்படிச் சொல்வது?

எல்லா வழிகளையும் போட்டுப் பார்ப்பது நடக்காத காரியம். கம்பெனியிலிருந்து கிளம்பி 10 இடங்களைத் தொட்டுத் திரும்ப 36,28,800 வரிசைகள் உண்டு. 15 இடங்கள் என்றால் அது சுமார் 1.3 லட்சம் கோடி ஆகிவிடும்.

இதற்கு எளிய வழி ஒன்று வங்காளத்துச் சணல் வயல்களில் பிறந்தது. இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய பி.சி.மகலனோபிஸ், 1930-களின் பிற்பகுதியில் சணல் பயிரிடும் பரப்பை மாதிரி வயல்களைக் கொண்டு கணக்கெடுத்தார். கணக்கெடுப்பவர்கள் வயலுக்கு வயல் நடக்கும் நேரமும் செலவுதானே? அந்த நடையை ஆராய்ந்தபோது, வயல்களின் எண்ணிக்கை கூடும் அதே வேகத்தில் தூரம் கூடவில்லை, எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டியே கூடுகிறது என்று கண்டார். 1940-இல் அதை எழுதியும் வைத்தார். ஜிலியன் பியர்ட்வுட், ஜான் ஹால்டன், ஜான் ஹாமர்ஸ்லி என்ற மூன்று கணித அறிஞர்கள் 1959-இல் இதைக் கணித முறைப்படி நிறுவினார்கள்.

கணக்கு இவ்வளவுதான்: பரப்பையும் நிறுத்தங்களின் எண்ணிக்கையையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 0.7124-ஆல் பெருக்க வேண்டும். 4 சதுர கிலோமீட்டருக்குள் 25 பேர் சிதறி நின்றால், 4 × 25 = 100; வர்க்கமூலம் 10; ஆக, சுமார் 7.1 கி.மீ. அதே இடத்தில் 100 பேர் நின்றால் 14.2 கி.மீ. ஆள் நான்கு மடங்கு, ஓட்டம் இரண்டே மடங்கு. நெருக்கமாக நிற்பவர்களுக்கு இடையே தூரம் குறைந்துவிடுவதுதான் காரணம்.

இது நேர்கோட்டுக் கணக்கு. நொய்யல் ஆறும் ரயில் பாதையும் குறுக்கே ஓடும் ஊரில், பாலம் இருக்கும் இடம்வரை போய்ச் சுற்றித்தான் மறுகரைக்கு வர முடியும். அதனால் சில நாட்கள் உண்மையாக ஓடிய தூரத்தைக் குறித்துவைத்து, கணக்கோடு ஒப்பிட்டு, ஊருக்கேற்ற ஒரு பெருக்கெண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். நிறுத்தங்கள் குறைவாக இருந்தால் இந்தக் கணக்கு தூரத்தைக் கொஞ்சம் குறைத்தே காட்டும். ஷேர் டாக்ஸியில் ஒவ்வொருவரையும் ஏற்றிய பிறகுதான் இறக்க முடியும். அந்தக் கட்டாயத்தால் ஓட்டம் இன்னும் நீளும்.

இத்தனை திருத்தங்கள் இருந்தும், செலவு பேச உட்காரும்போது இந்தக் கணக்கு பெரிய உதவி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கம்பெனிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே 4 சதுர கிலோமீட்டரில் இரண்டுக்கும் ஆளுக்கு 25 நிறுத்தங்கள். இன்று இரண்டு வேன்களும் மொத்தப் பகுதியையும் தனித்தனியே சுற்றுகின்றன: ஒவ்வொன்றும் 7.1 கி.மீ., இரண்டும் சேர்த்து 14.2. பகுதியை இரண்டாகப் பிரித்து, எந்தக் கம்பெனி ஆளானாலும் தன் பாதியில் நிற்பவரை ஏற்றிக்கொண்டால்? ஒரு வேனுக்கு 2 சதுர கிலோமீட்டர், அதே 25 நிறுத்தம். ஓட்டம் சுமார் 5 கி.மீ.; இரண்டும் சேர்ந்து 10. வேனும் கூடவில்லை, சீட்டும் கூடவில்லை, ஓட்டத்தில் 30 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம்.

டீசலைவிட முக்கியமான மிச்சம் ஒன்றும் இதில் இருக்கிறது. முதல் நிறுத்தத்தில் ஏறுகிறவர்தான் வேனில் அதிக நேரம் உட்கார்ந்திருப்பவர். சமையலை முடித்து, பிள்ளையைக் கிளப்பிவிட்டு, எல்லோருக்கும் முன்னால் தெருமுனைக்கு வந்து நிற்பவர் அவர். சுற்று 7-லிருந்து 5 கிலோமீட்டராகச் சுருங்கும்போது, அவர் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரமும் சில நிமிடங்கள் தள்ளிப்போகும்.