வீட்டு ஜலதாரையும் மலத்தொட்டியும் சுத்தம் செய்வித்தல்

புழங்கிக் கழித்த ஜலத்தைப் பற்றி எழுதுவதும் படிப்பதும் சிலருக்கு அருவருப்பாயிருக்கலாம். ஆயினும் வீட்டோடு சேர்ந்த கக்கூஸும், செப்டிக் டேங்கு என்று வழங்கும் மலத்தொட்டியும் இப்போது கிராமங்களிலும் பெருகிவிட்டபடியால், அவற்றை எப்போது, எவ்விதமாய், யாரைக் கொண்டு சுத்தம் செய்விப்பது என்பதை ஒவ்வொரு வீட்டுக்காரரும் அறிந்திருத்தல் அவசியம். இவ்விஷயத்தில் அறியாமையால் வரும் நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை. மனிதர் உயிரும் போய்விடுகிறது.

முதலில் குழாயைக் கவனிப்போம். கக்கூஸிலிருந்து தொட்டிக்குச் செல்லும் குழாய் சாதாரணமாக நாலு அங்குல விட்டமுள்ளது. அதில் அசுத்தத்தைத் தள்ளிக்கொண்டு போக யந்திரம் ஏதுமில்லை; வாட்டம் ஒன்றே அந்த வேலையைச் செய்கிறது. சுமார் அறுபது அடி தூரத்துக்கு ஒரு அடி தாழ்வு இருந்தால், ஜலமும் கட்டியும் சேர்ந்து ஓடும். வாட்டம் குறைந்தால் ஜலம் ஓடிவிட, கட்டி தங்கிவிடும். அடிக்கடி அடைத்துக்கொள்ளும் குழாய்களில் பல, கொத்தனார் மட்டம் பாராமல் பதித்தவையே. அப்படிப்பட்ட குழாயை எத்தனை தரம் குத்தினாலும் பயனில்லை. தோண்டி எடுத்துத் திரும்பப் பதிப்பதே சிக்கனம். மற்ற அடைப்புகளுக்குக் காரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. பாத்திரம் தேய்த்த தேங்காய் நார், சாம்பலும் மணலும், ஆறியவுடன் உறைந்துகொள்ளும் எண்ணெய்ப் பிசுக்கு, தலைமயிர், கந்தைத் துணி, குழந்தைகளுக்குக் கட்டி எறியும் அணையாடை ஆகிய இவைகள் குழாய்க்குள் போகத் தகாதவை. பக்கத்தில் அரசோ வேம்போ இருந்தால், குழாய் மூட்டில் மயிரிழை வெடிப்புக் கிடைத்தாலும் வேர் உள்ளே புகுந்து, வலைபோல் படர்ந்துவிடும்.

அடைப்பு எங்கேயென்று கண்டுபிடிப்பது கடினமன்று. ஒரு தொட்டிமுற்றத்தில் மாத்திரம் ஜலம் தேங்கினால், கோளாறு அதன் வாயிலேயே இருக்கிறது. ஸ்நான அறையில் ஜலம் ஊற்றும்போது கக்கூஸில் குமிழி கிளம்பினால், பெரிய குழாயே அடைத்திருக்கிறதென்று கொள்ளலாம். அப்போது சேம்பர்களின் மூடிகளை வரிசையாகத் திறந்து பார்க்க வேண்டும். மேலேயுள்ள சேம்பர் நிரம்பியும் கீழேயுள்ளது காய்ந்தும் இருந்தால், அவ்விரண்டுக்கும் நடுவில் அடைப்பு உள்ளது. சொற்ப அடைப்பு மூங்கில் பிளாச்சுக்கே விலகிவிடும். விலகாவிடில் ஜெட் யந்திரத்தை வரவழைக்க வேண்டும். அதன் ரப்பர்க் குழாயின் நுனியிலுள்ள துளைகள் பின்புறம் நோக்கியவை. ஜலம் பலமாய்ப் பின்னால் பீறும்போது, நுனி தானாகவே முன்னேறும். பெயர்ந்த அழுக்கு பின்னோக்கி வந்துவிடும். ஆகையால் கீழேயுள்ள சேம்பரிலிருந்து மேல் நோக்கிச் செலுத்துவதே முறை. வந்து விழும் கட்டியை அங்கேயே வாரி எடுத்துவிடவும் வேண்டும். குழாய் பழைய மண் குழாயாயிருந்தால் வேலையாட்களிடம் முன்னதாகவே சொல்லிவிடுவது நலம்; ஜலத்தின் வேகம் அதை உடைத்துவிடக் கூடும்.

அடுத்தது தொட்டி. தொட்டிக்குள் கனமான அசுத்தம் அடியில் வண்டலாய்ப் படிகிறது. எண்ணெய்ப் பசையுள்ளது மேலே ஆடையாய் மிதக்கிறது. நடுவிலுள்ள ஜலம் மாத்திரம் வெளியேறுகிறது. நுண்ணிய கிருமிகள் வண்டலைச் சிறிது சிறிதாய்த் தின்று கரைத்தாலும், முழுவதையும் கரைக்க அவைகளால் ஆகாது. எனவே இரண்டு அல்லது மூன்று வருஷங்களுக்கு ஒரு முறை வண்டலை எடுத்தாக வேண்டும். “எங்கள் தொட்டி கட்டி இருபது வருஷமாகிறது, ஒரு நாளும் நிரம்பியதில்லை” என்று பெருமை பேசுவோர் உண்டு. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அடித்தளமில்லாத தொட்டியிலிருந்து அசுத்தம் மண்ணில் இறங்கி, கிணற்றை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது என்பதே அனேகமாய் அதன் பொருள். வண்டலின் அளவை அறிய ஒரு நீண்ட கழியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, மூடியிலுள்ள சிறு துவாரத்தின் வழியாக அடிவரை இறக்கி, சில நிமிஷம் கழித்து மெல்ல எடுத்தால், கறுத்த கறை உயரத்தைக் காட்டிவிடும். பாதித் தொட்டி வண்டலாகும்வரை காத்திராமல் லாரிக்குச் சொல்லியனுப்பலாம். ஆசிட்டும் பினாயிலும் தாராளமாய் ஊற்றுவது தவறு; அவை தொட்டியில் வேலை செய்யும் கிருமிகளையே கொன்றுவிடும்.

இனி முக்கியமான விஷயம். எக்காரணத்தை முன்னிட்டும் தொட்டிக்குள்ளோ மேன்ஹோலுக்குள்ளோ மனிதனை இறக்கக் கூடாது. மூடிய தொட்டியில் ஹைட்ரஜன் ஸல்பைடு என்னும் விஷவாயு உண்டாகிறது. சொற்பமாயிருக்கையில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் நூறு பங்கு சேர்ந்தவுடன் மூக்கு மரத்துப்போய், நாற்றமே தெரியாமற் போகும். நாற்றம் அடங்கிவிட்டது, இனி இறங்கலாம் என்று மனிதன் நினைக்கும் தருணமே அபாயம் முற்றிய தருணம். எழுநூறு, ஆயிரம் பங்கு என்று ஏறினால், இரண்டொரு மூச்சில் ஸ்மரணை தப்பிவிடும். கூவி அழைக்கவும் அவகாசமிராது. அன்றியும் இவ்வாயு வண்டலுக்குள் அடங்கிக் கிடக்கிறது. மூடியைத் திறந்து ஒரு நாள் முழுவதும் வைத்திருந்தாலும், மண்வெட்டியால் வண்டலைக் கிளறிய க்ஷணத்தில் மேலே கிளம்பும். கிணற்றில் இறங்குமுன் அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் இங்கே உதவாது. விளக்கு அணைந்தால் பிராணவாயு இல்லையென்று தெரியுமே தவிர, விளக்கு எரிவதனால் விஷவாயு இல்லையென்று ஏற்படாது. தொட்டியிலுள்ள மீதேன் வாயுவோ நெருப்புப் பட்டால் வெடிக்கும் தன்மையது.

ஒரே தொட்டியில் இருவரும் மூவரும் மாண்டதாகச் செய்தி வருவதன் காரணமும் இதுவே. முதல்வன் விழுந்ததைக் கண்டு, அவனைத் தூக்க அண்ணனோ மகனோ குதிக்கிறான். அவனும் அவ்விடமே விழுகிறான். அப்படி நேர்ந்தால், மேலிருந்தபடியே கயிறு வீசிப் பார்ப்பதும், 112 என்ற எண்ணுக்குச் சொல்லித் தீயணைப்புப் படையை வரவழைப்பதும் தவிர, வேறொன்றும் செய்யலாகாது.

இந்த வேலையைப் பிறப்பின் பேரில் ஒரு சில ஜாதியார் தலையில் சுமத்தி வந்தோம் என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. 1993-ம் வருஷத்திலேயே மலம் அள்ளும் தொழிலில் ஆட்களை அமர்த்துவதைத் தடுக்கச் சட்டம் ஏற்பட்டது. 2013-ம் வருஷத்துச் சட்டம், பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. முதல் குற்றத்துக்கு இரண்டு வருஷம்வரை சிறைவாசமோ, இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இது நகரசபைக்கும் கண்டிராக்டருக்கும் மாத்திரமல்ல, கூலிக்கு ஆளமர்த்தும் வீட்டுக்காரருக்கும் பொருந்தும். ஆள் தானாகவே இறங்கச் சம்மதித்தான் என்று சொல்லிப் பொறுப்பினின்று தப்பலாமென எண்ண வேண்டாம். இவ்விதம் இறப்போர் குடும்பத்துக்கு முப்பது லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டார் 1923-க்குச் சரியாக நூறு வருஷம் பின்னர், அதாவது 2023 அக்டோபரில், தீர்ப்பளித்தனர்.

உறிஞ்சு லாரியின் வாடகை அதிகமென்று சிலர் முறையிடுகிறார்கள். பக்கத்து வீட்டார் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே நாளில் அழைத்தால், பேரம் பேச இடமுண்டு. லாரிக்கு ஸ்தல ஸ்தாபனத்தின் லைசென்சு இருக்கிறதா, எடுத்த வண்டலை எங்கே கொட்டுவான் என்ற இரண்டையும் கேட்டுக்கொண்டே பணம் பேச வேண்டும். செங்கற்பட்டு ஜில்லா கருங்குழியிலும், கோயமுத்தூருக்கு அடுத்த பெரியநாயக்கன்பாளையத்திலும் உள்ளவை போன்ற சுத்திகரிப்பு நிலையம் எட்டும் தூரத்தில் இருந்தால், அங்கேதான் போக வேண்டும். இராத்திரியில் ஏரிக்கரையில் கொட்டிவிடுபவன் குறைந்த வாடகை கேட்பது சகஜம். அந்த ஏரி ஜலம் நம்முடையதே.

லாரி வரும் தினத்தில் குழந்தைகளையும் கால்நடைகளையும் விலக்கி வைத்து, பீடி சுருட்டு பற்றவைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய மூடிக்கல்லின் மேல் ஒருவரும் ஏறி நிற்கலாகாது. அடியில் சிறிது வண்டல் மிஞ்சினால் குற்றமில்லை. கிருமிகள் மறுபடி பெருக அது வித்தாகும். அதைச் சுரண்டி எடுக்க ஆளை இறக்குகிறேன் என்று லாரிக்காரன் சொன்னால், வேண்டாமென்று தடுத்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் தொட்டியில் ஜலம் விட்டு, மூடியைச் சந்தில்லாமல் பூசி, சுத்தம் செய்த மாதத்தையும் வருஷத்தையும் அதன் மேலேயே வர்ணத்தால் எழுதி வைத்தால், அடுத்த முறை எப்போதென்று ஒருவரையும் கேட்க வேண்டியிராது.