தராசில் ஏறிய களைப்பு

“முடியலீங்க ஐயா. மேட்டு மலைக்கு ஏறினா நெஞ்சு படபடன்னு அடிக்குது. கண்ணு இருட்டிக்கிட்டு வருது.”

தோட்டத்து டிஸ்பென்சரிக்கு இந்த முறைப்பாடு புதிதல்ல. ஐயா கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்ப்பார். சிவந்திருக்க வேண்டிய இடம் வெளிறிக் கிடக்கும். நகத்தை ஒரு முறை அழுத்திவிட்டு, “இரத்தம் காணாது புள்ள” என்பார். இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் கொடுப்பார். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்.

இரத்தம் குறைந்தால் களைப்பு வரும், இரும்பு கொடுத்தால் அது போகும் என்ற நம்பிக்கையில்தான் அந்த இரண்டு நிமிடமும் நடக்கிறது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையை மடுவத்தில் விட்டு, பிரட்டுக்கு ஓடி, மழையில் நனைந்து நாளெல்லாம் மலையில் நிற்பவருக்குக் களைப்பு வர இரத்தமா குறைய வேண்டும்? எந்த மாத்திரையைக் கொடுத்தாலும் “இப்போ தேவலை” என்று சொல்வதும் மனித சுபாவம்தான். ஆகவே குருதிச்சோகையால் சோர்வு வருகிறது என்பதை 1970-களிலும் மருத்துவ உலகம் “மருத்துவர்களின் எண்ணம்” என்ற அளவில்தான் வைத்திருந்தது. அதற்கு வலுவான சான்று கிடைத்த இடங்களில் ஒன்று நம் மலையகத் தேயிலைத் தோட்டம்.

பேராதனை மருத்துவ பீடத்தில் இருந்த பிரையன் செனவிரத்ன, கண்டிக்குச் சிகிச்சைக்கு வந்த தோட்டத் தொழிலாளரின் குருதிச்சோகையை நெடுநாள் கவனித்து எழுதிவந்தவர். சிங்களவர், பிற்காலத்தில் அவுஸ்திரேலியாவிலிருந்து தமிழர் உரிமைக்காகப் பேசியதால் பலருக்கும் பெயர் தெரிந்தவர். அவரோடு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்து ரெஜி எட்ஜர்ட்டனும் ஜப்பானியரான யொஷினோபு ஒஹிராவும் மற்றும் சிலரும் சேர்ந்தார்கள். (எட்ஜர்ட்டன் இன்று முள்ளந்தண்டு காயம் பற்றிய ஆய்வுகளுக்காகவே அறியப்படுகிறார், இந்தத் தோட்டத்து ஆய்வு அவருடைய புகழுக்குள் எங்கோ புதைந்துவிட்டது.)

1977-இல் வெளிவந்த ஆய்வில் 75 பெண்களை ஓடுபட்டையில் நடக்கவைத்துப் பார்த்தார்கள். அவர்களின் ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 6.1 கிராமிலிருந்து 15.9 கிராம் வரை பரந்திருந்தது. அளவு குறைந்தவர்கள் சீக்கிரம் நிறுத்திக்கொண்டார்கள். அவர்களின் இதயம் மற்றவர்களுடையதைவிட வேகமாக அடித்தது. காரணம் எளிது. ஈமோகுளோபின் ஒட்சிசனைச் சுமக்கும் கூடை. ஒவ்வொரு கூடையிலும் நான்கு இரும்பணு. கூடை குறைந்தால் நடையைக் கூட்டித்தான் அதே சுமையைக் கொண்டுசேர்க்க வேண்டும். மேட்டு மலையில் நெஞ்சு படபடப்பது அந்த நடை.

ஆனால் ஓடுபட்டை தேயிலை மலை ஆகாது. அதில் அட்டை கடிக்காது, கங்காணி குரல் கேட்காது. உண்மையான வேலையில் வித்தியாசம் தெரியுமா என்ற கேள்விக்கு அதே குழு 1979 டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் பதில் எழுதியது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட அளவை, ஒரு பெண் ஒரு நாளில் பறிக்கும் கொழுந்தின் எடை.

எவ்வளவு யோசித்தாலும் இதைவிடப் பொருத்தமான அளவுகோல் கிடைத்திராது. வேறெந்தத் தொழிலிலும் ஒருவருடைய உடல் உழைப்பு இப்படி நாள்தோறும், ஆள்வாரியாக, தராசில் ஏறிப் பெயருக்கு நேரே எழுதப்படுவது அபூர்வம். அன்றைய இறாத்தலாகட்டும், இன்றைய கிலோவாகட்டும், முழுப்பேரா அரைப்பேரா, அதாவது முழுநாள் சம்பளமா அரைநாள் சம்பளமா என்பதை முடிவுசெய்யும் அந்தத் தராசு துரைமாருக்காக வைக்கப்பட்டது. அன்று அது பறிப்பவரின் உடம்புக்காகவும் ஒரு சாட்சி சொன்னது.

சிலருக்கு இரும்பு, சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. வெற்று மாத்திரை எதற்கு என்று மலையகத்தவருக்கு விளக்க அதிக நேரம் தேவையில்லை. மழை பெய்து வெயில் அடித்தால் கொழுந்து குதித்துக்கொண்டு வரும். வறட்சியில் இலை இறுகிவிடும். இரும்பு கொடுத்த மாதத்தில் எடை கூடியது என்று மட்டும் சொன்னால், கூட்டியது இரும்பா மழையா என்று எந்தக் கணக்கப்பிள்ளையும் கேட்பார். ஒரே மலையில், ஒரே மழையில் நிற்கும் இரண்டு கூட்டத்தை ஒப்பிட்டால்தான் மழை கணக்கிலிருந்து கழியும். மாத்திரை விழுங்கிய திருப்தியும் கூடவே கழியும்.

ஒரு மாதத்தில் விடை கிடைத்தது. இரும்பால் ஈமோகுளோபின் உயர்ந்தவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாகவே அதிகம் பறித்தார்கள். 6-க்கும் 9-க்கும் இடையில், மிகவும் குறைந்த நிலையில் இருந்தவர்களிடம் முன்னேற்றம் மிக அதிகம்.

ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி தராசுக்கு வெளியே நடந்தது. சிலரின் அன்றாட உடல் அசைவை நான்கு மணி நேரமோ முழு 24 மணி நேரமோ தொடர்ந்து பதிவுசெய்தார்கள். மூன்று வாரத்தில் இரும்பு பெற்றவர்கள் வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட அதிகம் இயங்கினார்கள். அதில் தண்ணீர் அள்ளுவது, விறகு பொறுக்குவது, லயத்து முற்றத்தில் பிள்ளையின் பின்னால் ஓடுவது எல்லாம் அடங்கும். அதற்குப் பேர் போடுவதில்லை. கட்டுரை கடைசியில் உற்பத்தித்திறன், பொருளாதாரப் பலன் என்று பேசுகிறது. அரசாங்கங்களின் காதில் விழ அப்படித்தான் பேச வேண்டியிருந்தது போலும். பெண்கள் பரம்பரை பரம்பரையாக வாயால் சொன்னதைக் கொழுந்தின் எடை சொன்ன பிறகே எழுதிக்கொண்டார்கள் என்பது எனக்கு இன்றும் கொஞ்சம் உறுத்துகிறது.

ஒரு தோட்டத்துச் சிறு ஆய்வை எப்படி நம்புவது? நம் பாட்டிமாருக்கு இதில் ஒரு கோட்பாடே உண்டு: ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் சோற்றுக்கு அது செல்வதற்குக் காரணம், எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்தது. மனிதர்கள் அப்படி வேகுவதில்லை. விளைவு பெரிதாக இருந்தால், ஒரே ஆளை முன்னும் பின்னும் அளந்தால், அளவுகோல் கூர்மையாக இருந்தால், சிலரைக் கொண்டே உண்மையைப் பிடித்துவிடலாம். கொழுந்து ஆய்வில் இந்த மூன்றும் வாய்த்தன. ஆனால் ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் தீங்கைச் சிறு ஆய்வு காட்டவே காட்டாது.

அதற்கும் இந்த மண்ணிலேயே ஒரு கதை இருக்கிறது, கொஞ்சம் கசப்பானது. இரத்தம் காணாமல் போக ஒரு பெரிய காரணம் கொளுக்கிப் புழு. வெறுங்காலின் தோல் வழியே நுழைந்து, குடலில் தொங்கி இரத்தம் குடிப்பது. 1916-இல் ரொக்ஃபெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் அதற்கெதிரான இயக்கத்தைத் தொடங்கினார்கள். 1921-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் மொரிஸ் ஹோல், கார்பன் டெட்ராகுளோரைட்டு நாய்களின் புழுக்களைக் கொல்கிறது என்று கண்டு, தானும் குடித்துப் பார்த்தார். ஈரலுக்குக் கேடு வருமா? இலங்கையில் மரண தண்டனை பெற்ற கைதிகளுக்கு அதைக் கொடுத்து, தண்டனை நிறைவேறிய பின் உடலைத் திறந்து பார்த்தார்கள். 1923-இல் வெளியான ஓர் அறிக்கையின் தலைப்பே மூன்று பிரேதப் பரிசோதனைகள் என்றுதான் பேசுகிறது. அந்த மருந்து பல நாடுகளில் ஏராளமானோருக்குக் கொடுக்கப்பட்டது. அது ஈரலைக் கெடுக்கும் நஞ்சு என்பதை மரணங்கள் நடந்த பிறகே உலகம் முழுமையாக உணர்ந்தது. புழு செத்ததா என்பதைச் சிலரிடமே பார்த்துவிடலாம்; யாருடைய ஈரல் போகும் என்பதை மூன்று உடல்கள் சொல்லாது. அந்தக் கைதிகளிடம் யாரும் சம்மதம் கேட்டிருப்பார்களா என்ற கேள்வியை நான் இங்கே கேட்டுவிட்டுப் போகிறேன்.

இன்றைய கிளினிக்கிலும் சிறு ஆய்வுகள் வாசலில் காத்து நிற்கின்றன. இரும்பு மாத்திரையைத் தினமும் விழுங்காமல் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுங்கள் என்று சில மருத்துவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதன் வேர் சூரிச் நகரில். இரும்பு ஒரு வேளை உள்ளே போனதும் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹோர்மோனைச் சுரந்து, குடலின் கதவை ஏறக்குறைய ஒரு நாளுக்குச் சாத்திவிடுகிறது. மறுநாள் மாத்திரை பூட்டிய கதவில்தான் முட்டும். 2017-இல் அங்கே 40 இளம் பெண்களிடம் பார்த்தபோது, தினமும் எடுத்தவர்களின் உடல் மாத்திரையிலுள்ள இரும்பில் 16.3 வீதத்தையும், ஒருநாள் விட்டு எடுத்தவர்களின் உடல் 21.8 வீதத்தையும் உள்ளிழுத்தது. 2023-இல் 150 பெண்களிடம் நீட்டிப் பார்த்தார்கள். மொத்த அளவு சமமாக இருந்தால் சேமிப்பு இரும்பு இரண்டு முறையிலும் ஒன்றுபோல ஏறியது. ஒருநாள் விட்டு எடுத்தவர்களுக்கு வயிற்றுத் தொல்லை குறைவு. முதல் ஆய்வு கொடுத்த ஆசை அடுத்ததில் சற்றே வடிந்தது. மருத்துவத்தில் இது வழக்கம்.

சூரிச் பெண்கள் லயத்தில் வசிப்பவர்கள் அல்லர். 7 கிராம் ஈமோகுளோபினோடு வரும் கர்ப்பிணிக்கு அந்தக் கணக்கு பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கர்ப்பிணிகளுக்கு நம் கிளினிக்குகள் தினசரி மாத்திரையையே கொடுக்கின்றன. அதோடு விற்றமின் சி, பூச்சி மருந்து. ஆகவே யாரும் இதை வாசித்துவிட்டுத் தாமாக மாத்திரையை மாற்ற வேண்டாம்.

பெருங்கூட்டத்தை அளந்தால் மட்டுமே தெரியும் விடயமும் உண்டு. உயரம் கூடக் காற்றில் ஒட்சிசன் குறையும். உடல் கூடுதல் ஈமோகுளோபின் செய்து ஈடுகட்டும். அதனால் மலையில் வாழ்பவரின் அளவைச் சற்றுக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். நுவரெலியாவின் உயரத்துக்கு முன்பு 0.5 கிராம் கழித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2024-இல் அதை 1.1 ஆக்கியது. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு எல்லை 12. நுவரெலியாவில் 12.8 இருக்கும் பெண் பழைய கணக்கில் 12.3, நல்ல சுகம். புதிய கணக்கில் 11.7, குருதிச்சோகை. அவர் உடம்பில் ஒரு துளியும் மாறவில்லை.

கடைசியாகத் தேத்தண்ணி. 1975-இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள், டர்பன் பகுதியின் இந்திய வம்சாவளிப் பெண்களிடம் பார்த்து எழுதினார்கள்: பாணோடும் சோற்றோடும் தேநீர் குடித்தால் இரும்பு உடலில் சேர்வது குறைகிறது, தேநீரின் துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இங்கே தேயிலைக்கும் அங்கே கரும்புக்குமாகக் கப்பல் ஏறியவர்களின் பேத்திமார் அவர்கள். எவ்வளவு நேரம் பொறுத்துக் குடிக்கலாம் என்ற கேள்விக்கு இங்கிலாந்தில் 2017-இல் விடை தேடினார்கள். ஒரு மணி நேரம் இடைவெளி விட்டால் தடை நன்றாகவே குறைகிறது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் 12 பெண்கள்.

சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேத்தண்ணி குடியுங்கள் என்று கிளினிக்கில் சொல்லும்போது அந்தப் பன்னிரண்டு பேரும் பின்னால் நிற்கிறார்கள். கேட்பவர் தலையாட்டுவார். மறுநாள் காலை மலையில் தேத்தண்ணி நேரம் விடும்போது, கூடையை இறக்கி, படங்கை உதறிவிட்டு, ரொட்டியையும் சம்பலையும் பிரிப்பார். போத்தலில் சாயத்தண்ணி இன்னும் சூடாக இருக்கும். அடுத்த இடைவேளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது.