தோட்டா மண்ணில் புதைந்த பிறகு

2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, துப்பாக்கிப் பயிற்சித் தளத்திலிருந்து பாய்ந்த குண்டு 11 வயதுச் சிறுவனின் தலையைத் துளைத்தது. ஜனவரி 3-இல் அவன் இறந்தான். வழிதவறிய அந்தக் குண்டை நாடே அறியும். இலக்குக்குப் பின்னுள்ள மண்மேட்டில் சரியாகப் புதைந்த குண்டுகளைப் பற்றியும் நாம் கேட்டாக வேண்டும். மோதும்போது செம்பு உறை கிழிந்து உள்ளிருக்கும் ஈயம் சிதறுகிறது. ஈரம் பட்டு அதன்மேல் வெள்ளைப் பொருக்கு படிகிறது. அமில மண்ணில் மழைநீர் அதை விரைவாகக் கரைக்கிறது.

ஈயம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், நகராது என்பார்கள். பாதி உண்மைதான். ஆனால் அந்த மண்ணே அரித்து ஓடையில் இறங்கினால் ஈயமும் கூடவே இறங்கும். அந்த நீர் வழியே அது உடலுக்குள்ளும் போகலாம்; குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. பயிற்சி தேவைதான்; ஆனால் மேட்டு மண்ணைச் சலித்து ஈயத்தை அகற்றலாம், சுண்ணாம்பு இட்டு அமிலத்தைத் தணிக்கலாம். சுற்றுவட்டாரக் கிணற்று நீரைச் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும்.