வெட்டும் முன் ஒட்டிப் பார்

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள நெசவு ஊர்களில் பாவு பிணைப்பவர்கள் பழைய பாவின் ஒவ்வோர் இழையையும் புதுப் பாவில் அதற்குரிய இழையோடு முறுக்கிச் சேர்ப்பார்கள். இழை மாறினால் டிசைன் குலைந்துவிடும். டிஎன்ஏ துண்டுகளை இணைப்பதிலும் அதே கண்டிப்பு உண்டு.

ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகள் கோத்த இரட்டை இழைதான் டிஎன்ஏ. ஏ-வுக்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி. தம்மைத் தாக்கும் வைரஸின் டிஎன்ஏவை நறுக்க பாக்டீரியாக்கள் வைத்திருக்கும் கத்தரி, ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம். இந்த என்சைம்களைக் கண்டறிந்து பயன்படுத்தியதற்காக வெர்னர் ஆர்பர், டேனியல் நாதன்ஸ், ஹாமில்டன் ஸ்மித் மூவருக்கும் 1978இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஈகோஆர்-ஒன் என்ற என்சைம் 'ஜிஏஏடிடிசி' என்ற வரிசையைத் தேடி, முதல் ஜி-க்கு அடுத்து வெட்டும். எதிர் இழையிலும் அப்படியே வெட்டுவதால், இருபுறமும் 'ஏஏடிடி' என நான்கு எழுத்துகள் ஒற்றை இழையாக நீட்டிக்கொண்டிருக்கும். பொருத்தமான முனை கிடைத்தால் அவை சேரும். லிகேஸ் என்ற என்சைம் இணைப்பை நிரந்தரமாக்கும். 1997இல் ஹைதராபாதின் சாந்தா பயோடெக்னிக்ஸ் கொண்டுவந்த ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியும் ஈஸ்ட்டுக்குள் வைரஸின் மரபணுவைச் சேர்த்து உருவானதுதான்.

ஆய்வகத்தில் கைவைக்கும் முன் இந்த வெட்டி ஒட்டும் வேலையைக் கணினியில் செய்து பார்ப்பதே சிமுலேஷன். மென்பொருள் வரிசையைப் படித்து, வெட்டும் இடங்களைக் கண்டுபிடித்து, முனைகளை ஒப்பிட்டு, இணைந்த டிஎன்ஏவை எழுத்து எழுத்தாகத் தருகிறது.

மரபணுவைச் சுமக்கப் பயன்படும் டிஎன்ஏ வளையம்தான் பிளாஸ்மிட். பிபிஆர்322 என்ற பிளாஸ்மிட் 4,361 எழுத்து கொண்டது. இதில் ஈகோஆர்-ஒன் வெட்டுவது ஒரே இடத்தில். அந்த ஒரு வெட்டில் ஒரு மரபணுவைச் சேர்த்துப் பாருங்கள். இரு முனையும் ஒன்றுபோல இருப்பதால் மரபணு தலைகீழாகவும் நுழையலாம். வளையம் மரபணு இல்லாமலே மூடிக்கொள்ளவும் செய்யலாம். இரண்டாவது என்சைமாக ஹிண்ட்-த்ரீயைச் சேர்த்தால் முனைகள் வேறாகி, திசை உறுதியாகும். சேர்க்கவிருக்கும் மரபணுவுக்குள்ளேயே இந்த என்சைம்களில் ஒன்று வெட்டும் வரிசை ஒளிந்திருந்தால், திரை அதையும் காட்டிக்கொடுக்கும்.

பல துண்டுகளை ஒரே குழாயில் இணைக்க பிஎஸ்ஏ-ஒன் போன்ற என்சைம்கள் உதவுகின்றன. இவை தாம் அடையாளம் காணும் வரிசைக்கு வெளியே வெட்டுவதால், நீட்டு முனையின் நான்கு எழுத்துகளை நாமே தீர்மானிக்கலாம். மொத்தம் 256 முனைகள் சாத்தியம். அவற்றில் 16 தம்மோடு தாமே ஒட்டிக்கொள்ளும். அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

இந்தச் சிமுலேஷனுக்கு இலவச மென்பொருளும் இணையத்தில் கிடைக்கும் வரிசைகளும் போதும். காஞ்சிபுரத்தின் கல்லூரி மாணவி என்சைம் வாங்காமலே இன்றே இதைச் செய்து பார்க்கலாம். தவறான திட்டம் ஆய்வகத்தில் வெளிப்படப் பல நாட்களும் பணமும் செலவாகும். திரையில் அது நொடிகளில் தெரிந்துவிடும்.