பின்பக்கம் இறங்காத பிக்கப்

குட்டி யானையோ தோஸ்தோ பொலிரோ பிக்கப்போ, புது வண்டி எடுத்தவருக்கு முதல் தவணை கட்டும் முன்பே ஒரு யோசனை வந்துவிடும். "அண்ணே, பின்னாடி பக்கத்துக்கொரு ஸ்பிரிங் பட்டை சேர்த்துருங்க. எவ்வளவு ஏத்துனாலும் வண்டி இறங்காது." ஸ்பிரிங் பட்டறையில் அரை நாள் வேலைதான். பழைய லாரியிலிருந்து கழற்றிய பட்டையை காஸ் வைத்து அளவுக்கு வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, இருக்கிற பட்டைகளோடு சேர்த்து யூ போல்ட்டை முறுக்கிவிடுவார்கள். அடுத்த நாள் மண்டியில் பத்து மூட்டை கூடுதலாக ஏறும். வண்டியும் நிமிர்ந்தே நிற்கும்.

அப்படி நிமிர்ந்து நிற்பதைத்தான் நம்பக் கூடாது. லோடு ஏற ஏறப் பின்பக்கம் இறங்குவது வண்டி காட்டும் கணக்கு. பட்டையைச் சேர்ப்பது தராசு முள்ளைக் கையால் பிடித்துக்கொண்டு எடை பார்ப்பது மாதிரி. ஒரே நீளமும் கனமும் உள்ள ஐந்து பட்டைகளோடு அதே மாதிரி ஆறாவது ஒன்று சேர்ந்தால் ஸ்பிரிங்கின் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆனால் ஆக்ஸில் அதேதான். வீல் பேரிங், பிரேக் டிரம், லைனர், சேஸிஸ் எதுவும் மாறவில்லை. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் சுமை எண்ணும் மாறவில்லை. அந்த எண் 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 88 என்றால் 560 கிலோ. பட்டறைக்காரர் எத்தனை பட்டை சொருகினாலும் அந்த எண்ணை அவரால் மாற்ற முடியாது.

பலரும் கவனிக்காத இன்னொரு பாகம் உண்டு. பல பிக்கப் வண்டிகளில் பின் ஆக்ஸிலுக்கு மேலே, சேஸிஸில் ஒரு சின்ன வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பியோ சுருளோ ஆக்ஸிலுக்குப் போகும். அதுதான் லோடு சென்சிங் வால்வு. வண்டி காலியாக இருந்தால் பின் சக்கரங்களுக்குப் போகும் பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும். லோடு ஏறிப் பின்பக்கம் இறங்கினால் அழுத்தத்தைக் கூட்டும். எடையை அதனால் நேராக அறிய முடியாது, சேஸிஸுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை வைத்துத்தான் கணிக்கிறது. பட்டை சேர்த்த வண்டியில் இரண்டு டன் ஏறினாலும் இடைவெளி அவ்வளவாகக் குறையாது. வால்வோ வண்டி பாதி காலி என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைப் பிடித்துவைக்கும். சுமை மிக அதிகமாக இருக்கும் நேரத்தில் பிரேக் மிகக் குறைவாகக் கிடைக்கும். இதைத் தெரிந்த சிலர் அந்தக் கம்பியைக் கட்டுக்கம்பி போட்டு மேலே இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். அதன்பின் காலி வண்டியில் மழை நாளில் பிரேக் போட்டால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் சுற்றும். இரண்டில் எது மோசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உதகையில் கேரட் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் வண்டிகளை நினைத்துப் பாருங்கள். குன்னூருக்குக் கீழே கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மூன்று டன் மொத்த எடைக்கு வடிவமைத்த வண்டி நாலு டன்னோடு இறங்கினால், பிரேக் டிரம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வெப்பத்தை விழுங்க வேண்டும். லைனர் காய்ந்ததும் பிடிப்பு குறையும். பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லி வைத்திருக்கும் பலகைகளால், வண்டி சுமக்கும் அந்தக் கூடுதல் டன்னுக்கு ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு பக்கம், பட்டையே உடையும். ஸ்பிரிங் பட்டை பதம் ஏற்றிய எஃகு. காஸில் வெட்டிய இடத்திலும், வெல்டு வைத்த இடத்திலும் அந்தப் பதம் போய்விடும். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். ஒருமுறை இழுத்து முறுக்கிய யூ போல்ட்டையே திரும்ப மாட்டுவதும் இதே ரகம். அது தளர்ந்தால் நடு போல்ட் அறுந்து, ஆக்ஸில் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். ஓடும்போது அது நடந்தால் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஒன்றும் ஆகாது.

வண்டியின் வேகத்தையும் இழுவையையும் கூட்டுவதற்கு என்று செய்யும் வேலைகள் வேறு. டீசல் பம்பைத் திருகுவது, இ.ஜி.ஆரை அடைப்பது, பி.எஸ். 6 வண்டியில் புகை வடிகட்டியைக் கழற்றிவிட்டு கம்ப்யூட்டரை ரீமேப் செய்வது, 80 கிலோமீட்டர் வேகப் பூட்டை எடுத்துவிடுவது. இவற்றால் புகையும் சூடும் கூடும், கம்பெனி வாரண்டி போகும். மாசு விதியை மீறிய வண்டிக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் தகுதி நீக்கம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவு சொல்கிறது.

சட்டத்தின் நிலை இதில் குழப்பமில்லாதது. கம்பெனி முதலில் குறிப்பிட்டபடி ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது. அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எஃப்.சி.க்குப் போகும் முன் கழற்றி வைத்துவிட்டு, வந்ததும் மாட்டிக்கொள்ளும் வழக்கம் ஊரறிந்தது. சான்று வாங்கிய மறுநாள் மாட்டினாலும் குற்றம் குற்றம்தான்.

அதிக லோடு தனிக் கணக்கு. அனுமதித்த எடைக்கு மேல் போனால் 194ஆவது பிரிவின்படி 20,000 ரூபாய், அதற்குமேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய், சரக்கை இறக்கும் செலவும் உங்களுடையது. கூடுதல் லோடை இறக்காமல் வண்டி நகரக் கூடாது. பாடிக்கு வெளியே பக்கவாட்டிலோ அளவுக்கு மேல் உயரமாகவோ சரக்கு நீண்டிருந்தாலும் 20,000. ஓட்டியவர் சம்பள டிரைவராக இருந்தால், முதலாளிக்குத் தெரிந்தே நடந்தது என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம் என்று 113ஆவது பிரிவிலேயே இருக்கிறது. டிரைவர்கள் இதை ஓனரிடம் வாய்விட்டுச் சொல்வது நல்லது. ஏற்றச் சொன்ன வியாபாரியின் பெயர் சலானில் வருவதை நான் பார்த்ததில்லை.

இதில் உங்களுக்கும் உரிமைகள் உண்டு. அதிக லோடு என்று சந்தேகப்படும் அதிகாரி வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோகச் சொல்ல 114ஆவது பிரிவு வழி வைத்திருக்கிறது. ஆகவே கண்ணால் பார்த்து எடை சொன்னால், மேடையில் ஏற்றி ரசீது தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். ஆனால் எடை போட மறுத்தாலோ, போடும் முன் சரக்கை இறக்கிவிட்டாலோ அபராதம் 40,000. மண்டியிலேயே எடை போட்டுச் சீட்டை வைத்துக்கொள்பவருக்கு இந்த வாக்குவாதமே வராது. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய அளவு. பக்கத்தில் உட்காரும் ஆட்களும் அதற்குள் அடக்கம்.

விபத்து நடந்துவிட்டால் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடிபட்ட மூன்றாம் நபருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பெரும்பாலும் பணம் கொடுத்தே ஆக வேண்டும். பாலிசி நிபந்தனை மீறல் நிரூபணமானால், முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம். அப்போது வீடு, நிலம் வரை கை வைக்க வழி பிறக்கும். லோடு வண்டியில் சும்மா தொற்றிக்கொண்டு வருபவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. சரக்குக்காரரோ அவருடைய ஆளோ வந்தால் கதை வேறு. அடிபட்டவர்கள் பக்கம் இருப்பவர்கள், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்துவிடுவது பாதுகாப்பு.

உங்கள் சொந்த வண்டியின் சேதத்துக்கான கோரிக்கையில்தான் இடிக்கும். சர்வேயர் முதலில் குனிந்து பார்ப்பது பின் ஸ்பிரிங்கைத்தான். ஆனாலும் "மாற்றம் செய்திருக்கிறீர்கள், ஒரு பைசா கிடையாது" என்று கம்பெனி கைவிரித்தால் அதோடு விட்டுவிட வேண்டாம். 2010இல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டிய வழிகாட்டுதலில், அனுமதித்த அளவுக்கு மேல் லோடு ஏற்றிய வண்டிக்கும் ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று இருக்கிறது. இதைக் குறிப்பிட்டு முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ மறுத்துவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

அளவான லோடிலேயே பட்டை அடிக்கடி உடைகிறதா? வாரண்டி இருக்கும்போது அதைத் தீர்த்துத் தர வேண்டியது டீலர். "வெளியில ஒரு பட்டை போட்டுக்கங்க" என்று சர்வீஸ் ஆள் வாயால் சொன்னால், அதையே ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுத மாட்டார்கள். வாரண்டி முடிந்த பிறகு மாற்றுவதானால் கம்பெனி கொடுத்த அதே எண்ணிக்கை, அதே கனம், யூ போல்ட் புதிது. தொழிலுக்கு உண்மையிலேயே கூடுதல் எடை வேண்டுமென்றால், அதே வண்டியில் அதிக லோடுக்கான ரகம் கம்பெனியிலேயே கிடைக்கும். அதில் ஆக்ஸில், பிரேக், டயர் என்று சேர்ந்தே மாறியிருக்கும். விலை கூடத்தான், ஆனால் ஆர்.சி.யில் ஏறும்.

பழைய வண்டி வாங்குபவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் பின் ஸ்பிரிங்குக்குக் கீழே படுத்துப் பட்டைகளை எண்ணுங்கள். இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையா, துருவிலும் பெயின்ட்டிலும் மற்றவற்றோடு சேராத பட்டை ஏதும் இருக்கிறதா, லோடு வால்வின் கம்பி தொங்குகிறதா அல்லது கட்டி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். முந்தையவர் செய்த மாற்றம் என்றாலும், ரோட்டில் நிறுத்தும்போது பதில் சொல்லப்போவது ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான்.

பட்டறை வேலையால் நஷ்டம் வந்தால், வண்டியைத் தொழிலுக்கு வைத்திருப்பதால் நுகர்வோர் ஆணையம் போக முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு வண்டியைத் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான் என்பதற்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது. புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. 1915 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். புகார் கொடுக்கப் பட்டறை பில் வேண்டும். துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கொடுத்தால் வாங்காமல், வண்டி எண், என்ன பாகம், எத்தனை பட்டை, என்ன தேதி என்று எழுதி வாங்குங்கள்.