தை அறுவடைக்கு முன்: டாம்கேட்டையும் தரவுத்தளத்தையும் இணைப்பது எப்படி?

டெல்டாவில் நெல் சார்ந்த மென்பொருள் எதுவானாலும் அதன் சுமை ஆண்டு முழுக்க ஒரே சீராக இருக்காது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் குறுவை புரட்டாசி, ஐப்பசியில் அறுப்புக்கு வரும். சம்பாவும் தாளடியும் தையில் தொடங்கி மாசி, பங்குனி வரை இழுக்கும். அந்த வாரங்களில்தான் எல்லாரும் ஒரே நேரத்தில் பதிவு செய்வார்கள். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் கொள்முதலில் சிக்கல். மேகம் திரண்டால் களத்தில் கிடக்கிற நெல்லை எப்படியாவது அன்றைக்கே போட்டுவிட வேண்டும் என்ற பதற்றம். அந்தப் பதற்றம் அப்படியே சர்வரின் மேல் வந்து விழும்.

அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு இப்போது இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதுபோன்ற பதிவேடு ஒன்றை ஒரத்தநாடு பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தனக்கென்று கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். விவசாயி பெயர், சர்வே எண், நெல் ரகம், 40 கிலோ மூட்டை எத்தனை, எந்த நாள் டோக்கன் என்பவைதான் அதில் இருக்கும். ஜாவாவில் எழுதி, டாம்கேட் சர்வரில் ஏற்றி, போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தோடு இணைக்கிறோம். 2024-இல் தஞ்சாவூரில் திறந்த நியோ டைடல் பூங்கா போன்ற இடங்களில் முதல் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் செயலியை நன்றாகவே எழுதிவிடுகிறார்கள். இணைப்பை மட்டும் இணையத்தில் கிடைத்த நாலு வரியை ஒட்டி முடித்துவிடுகிறார்கள். அறுவடை நாளில் காலை வாருவது பெரும்பாலும் அந்த நாலு வரிதான்.

வேலையைத் தரவுத்தளத்தின் பக்கமிருந்து தொடங்குங்கள். டாம்கேட்டைத் தொடுவதற்கு முன் போஸ்ட்கிரஸில் செயலிக்கென்று தனிப் பயனர் ஒருவரை உருவாக்க வேண்டும். நிர்வாகி கணக்கைச் செயலியிடம் கொடுப்பது சோம்பல். அட்டவணைகளை உருவாக்கும் உரிமை ஒரு கணக்குக்கும், படிக்க, சேர்க்க, திருத்த மட்டும் உரிமை இன்னொரு கணக்குக்கும் இருக்கட்டும். செயலி இரண்டாவதைத்தான் பயன்படுத்த வேண்டும். போஸ்ட்கிரஸ் 15-ஆம் பதிப்பிலிருந்து பப்ளிக் ஸ்கீமாவில் யார் வேண்டுமானாலும் அட்டவணை உருவாக்கலாம் என்ற பழைய தாராளமும் போய்விட்டது. ஆகவே உரிமைகளை நீங்களே எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

அடுத்து பிஜி எச்பிஏ கோப்பு. எந்தக் கணினியிலிருந்து, எந்தப் பயனர், எந்தத் தரவுத்தளத்துக்கு வரலாம் என்பது அதில்தான் இருக்கிறது. டாம்கேட் ஓடும் கணினியின் முகவரியை மட்டும் ஒரு வரியாகச் சேர்த்து, கடவுச்சொல் முறையாக ஸ்கிராம் ஷா-256 என்று எழுதுங்கள். இந்தக் கோப்பை மாற்றினால் ரீலோட் செய்தாலே போதும். ஆனால் போஸ்ட்கிரஸ் முதலில் தன் கணினிக்குள்ளிருந்து வரும் அழைப்பை மட்டுமே கேட்கும். வெளியிலிருந்தும் கேட்கச் சொல்லும் லிஸன் அட்ரஸஸ் அமைப்பை மாற்றினால் முழுதாக ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்தவர்கள் நிறைய. பிறகு டாம்கேட் கணினியிலிருந்தே பிஎஸ்க்யூஎல் கட்டளையால் 5432 போர்ட்டில் உள்ளே நுழைந்து பாருங்கள். அது நுழையவில்லை என்றால் ஜாவாவும் நுழையாது.

இனி டிரைவர். போஸ்ட்கிரஸின் ஜேடிபிசி ஜார் கோப்பை டாம்கேட்டின் லிப் அடைவில் போட வேண்டும். செயலியின் வெப்-இன்ஃப் லிப் அடைவில் அல்ல. இணைப்புகளைத் திறந்து வைத்திருக்கும் பூலை உருவாக்குவது சர்வர். செயலிக்குள் இருக்கும் ஜார் சர்வரின் கண்ணுக்குத் தெரியாது. ஜாரைப் போட்டபின் டாம்கேட்டை ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள்.

பூலின் விவரங்கள் கான்டெக்ஸ்ட் எக்ஸ்எம்எல் கோப்பில் ரிசோர்ஸ் என்ற ஒரே உறுப்பாக வரும். பெயர், வகை, டிரைவர் கிளாஸ், தரவுத்தள முகவரி, பயனர், கடவுச்சொல், அத்துடன் எண்கள். வகை என்ற இடத்தில் ஜாவாஎக்ஸ் எஸ்க்யூஎல் டேட்டாசோர்ஸ் என்றே எழுத வேண்டும். டாம்கேட் 10 வந்தபோது ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய சர்வ்லெட் பெயர்களெல்லாம் ஜகார்த்தா ஆகிவிட்டன. அந்த வேகத்தில் இதையும் ஜகார்த்தா என்று மாற்றிவிடுகிறார்கள். டேட்டாசோர்ஸ் ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பைச் சேர்ந்தது, அதன் பெயர் மாறவில்லை.

இந்தக் கோப்பை எங்கே வைப்பது? செயலியின் மெட்டா-இன்ஃப் அடைவுக்குள்ளேயே வைக்கலாம், எல்லாப் பாடங்களும் அப்படித்தான் சொல்லித் தருகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே வைத்தால் கடவுச்சொல் வார் கோப்போடு சேர்ந்து பயணப்படும். கிட்டிலும் ஏறும், பென்டிரைவிலும் ஏறும். டாம்கேட்டின் கான்ஃப் அடைவுக்குள் கேட்டலினா, அதற்குள் லோக்கல்ஹோஸ்ட் என்று ஓர் அடைவு உண்டு. செயலியின் பெயரிலேயே ஓர் எக்ஸ்எம்எல் கோப்பை அங்கே வைத்து, டாம்கேட் ஓடும் பயனர் மட்டும் படிக்கும்படி அனுமதியைச் சுருக்குங்கள். சோதனைச் சர்வருக்கு ஒரு கோப்பு, உண்மைச் சர்வருக்கு ஒரு கோப்பு. வார் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே.

செயலி இந்தப் பூலைப் பெயர் சொல்லித்தான் தேடும். ரிசோர்ஸில் ஜேடிபிசி/நெல் என்று பெயர் வைத்திருந்தால், நிரலில் அதன் முன்னால் ஜாவா காம்ப் என்வ் என்ற முன்னொட்டையும் சேர்த்துத் தேட வேண்டும். வெப் எக்ஸ்எம்எல்லில் ரிசோர்ஸ்-ரெஃப் எழுதியிருந்தால் அங்கேயும் எழுத்துக்கு எழுத்து அதே பெயர். ஓர் எழுத்து பிசகினால் வரும் பிழைச்செய்தி விசித்திரமானது: டிரைவர் கிளாஸ் வெறுமையாக இருக்கிறது, முகவரி நல் என்று சொல்லும். பார்த்தவர் டிரைவரையும் முகவரியையும் பத்து முறை சரிபார்ப்பார். கோளாறு அங்கே இல்லை, பெயர்ப் பொருத்தத்தில் இருக்கிறது.

எண்களுக்கு வருவோம். இங்கே அவசரப்படக் கூடாது.

டாம்கேட் ஒரே நேரத்தில் 200 கோரிக்கைகளைக் கையாளும்படி வருகிறது. பூலில் அதிகபட்ச இணைப்பு, அதாவது மேக்ஸ் டோட்டல், நீங்கள் எதுவும் எழுதாவிட்டால் 8. போஸ்ட்கிரஸ் மொத்தம் 100 இணைப்பு தரும். அதில் 3 நிர்வாகிக்கு ஒதுக்கீடு. இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தவுடன் பலருக்கும் தோன்றுவது, பூலையும் 200 ஆக்கிவிடலாம் என்பதுதான். தரவுத்தளத்தின் வரம்பையும் 500 ஆக உயர்த்திவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். போஸ்ட்கிரஸில் ஒவ்வொரு இணைப்பும் தனி ஒரு பிராசஸ். நான்கு கோர் கணினியில் 200 பிராசஸ்கள் ஒரே நேரத்தில் வேலை செய்ய முண்டினால், வேலையைவிட ஒன்றையொன்று மாற்றி மாற்றி ஓடவிடுவதிலேயே கணினி களைத்துப்போகும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். அறுவடை உச்சத்தில் 250 பேர் திரையின் முன் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஒரு பொத்தானை அழுத்துகிறார்கள் என்றால் விநாடிக்கு 50 கோரிக்கை. ஒரு கோரிக்கை தரவுத்தளத்தில் 40 மில்லிவிநாடி எடுத்தால், சராசரியாக ஒரே நேரத்தில் 2 இணைப்புகள்தான் வேலையில் இருக்கும். திடீர் நெரிசலையும் சேர்த்து 15 வைத்தால் தாராளம். 15 இணைப்புகள் அதே வேகத்தில் விநாடிக்கு 375 கோரிக்கைகளை முடித்துவிடும். போஸ்ட்கிரஸ் வட்டாரத்தில் புழங்கும் ஒரு தோராயச் சூத்திரமும் இதற்கு ஒத்துத்தான் போகிறது: கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, வட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டு. நான்கு கோருக்கு அது பத்தைத் தொடுவதே அரிது.

டாம்கேட் இரண்டு ஓடினால் பூலும் இரண்டு என்பதை மறக்க வேண்டாம். இரண்டுக்கும் சேர்த்து 30, இரவு பேக்கப்புக்கும் நீங்கள் கையால் நுழைந்து பார்ப்பதற்கும் ஐந்தாறு, 97-க்குள் அடங்கிவிடுகிறது.

250 பேர் கணக்கைக் குலைப்பது ஒன்றே ஒன்று: அறிக்கை. ‘இந்தப் பருவம் முழுக்க ஊர்வாரியாக எத்தனை மூட்டை’ என்று அலுவலகத்திலிருந்து கேட்கும் ஒரு வினவல் 20 விநாடி எடுக்கலாம். அதை மூன்று பேர் பொறுமையிழந்து ஐந்தைந்து முறை அழுத்தினால் 15 இணைப்பும் தீர்ந்துவிடும். அறிக்கைகளுக்கு 3 இணைப்புகளோடு தனிப் பூல் ஒன்றை வேறு பெயரில் வைத்துவிட்டால், காத்திருப்பவர் அலுவலகத்தில் இருப்பவராக இருப்பார். மூட்டையோடு நிற்பவர் காத்திருக்க வேண்டியதில்லை.

பூலில் ஓய்வாக எத்தனை இணைப்புகள் இருக்கலாம் என்று சொல்லும் மேக்ஸ் ஐடிலை மேக்ஸ் டோட்டலுக்குச் சமமாக வைத்துவிடுங்கள். அது குறைவாக இருந்தால் நெரிசலில் இணைப்புகளை மூடித் திறந்து மூடித் திறந்தே நேரம் போகும்.

பழைய புத்தகங்களைப் பார்த்து எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டாம்கேட் 8-இல் பூல் நூலகம் டிபிசிபி 2-க்கு மாறியபோது மேக்ஸ் ஆக்டிவ் என்பது மேக்ஸ் டோட்டல் ஆனது, மேக்ஸ் வெயிட் என்பது மேக்ஸ் வெயிட் மில்லிஸ் ஆனது. பழைய பெயரை எழுதினால் சர்வர் நிற்காது. லாகில் ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு, உங்கள் 15-ஐக் கண்டுகொள்ளாமல் 8-ஐ வைத்துக்கொண்டு ஓடும். அறுவடை நெரிசல் வரும் வரை ஒரு குறையும் தெரியாது.

அந்த மேக்ஸ் வெயிட் மில்லிஸைப் பற்றி: இணைப்பு காலியில்லை என்றால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதுதான் அது. ஒன்றும் எழுதாவிட்டால் அதன் மதிப்பு கழித்தல் 1, அதாவது முடிவே இல்லாமல் காத்திருப்பது. டாம்கேட்டின் அமைப்புகளிலேயே எனக்குப் பிடிக்காதது இதுதான். 15 இணைப்பும் எங்கோ சிக்கிக்கொண்டால் கோரிக்கைகளைக் கையாளும் 200 திரெட்களும் வரிசையில் வந்து நின்றுவிடும். தரவுத்தளத்தைத் தொடாத முகப்புப் பக்கம்கூட வராது. லாகிலும் ஒரு சொல் இருக்காது. 5000 என்று எழுதுங்கள். ஐந்து விநாடியில் கிடைக்காவிட்டால் பிழை வரட்டும், ‘சற்றுப் பொறுத்து முயலுங்கள்’ என்று திரை சொல்லட்டும்.

இதில் அலகுகளும் குழப்பும். மேக்ஸ் வெயிட் மில்லிஸ் மில்லிவிநாடியில். கைவிடப்பட்ட இணைப்பைப் பிடுங்கும் ரிமூவ் அபாண்டன்ட் டைம்அவுட் விநாடியில். போஸ்ட்கிரஸ் டிரைவரின் கனெக்ட் டைம்அவுட், சாக்கெட் டைம்அவுட் இரண்டும் விநாடியில். சாக்கெட் டைம்அவுட்டை எழுதாமல் விட்டால் அது 0, அதுவும் முடிவில்லாக் காத்திருப்பே. நவம்பர் 2018-இல் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் எப்படி அறுந்துகிடந்தன என்பது எல்லாருக்கும் தெரியும். அவ்வளவு வேண்டாம், செயலி தஞ்சாவூரிலும் தரவுத்தளம் சென்னையிலும் இருந்தால் நடுவில் லைன் ஒரு நிமிடம் அறுந்தாலே போதும். அந்தப் பக்கம் ஆளில்லாத இணைப்பைப் பிடித்துக்கொண்டு செயலி காத்திருக்கும். தரவுத்தள முகவரியின் கடைசியில் சாக்கெட் டைம்அவுட்டைச் சாதாரணப் பூலுக்கு 30, அறிக்கைப் பூலுக்கு 120 என்று சேர்த்து, டிசிபி கீப் அலைவையும் இயக்கிவிடுங்கள். கொடுக்கும் முன் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் ஆன் பாரோ ஏற்கெனவே இயங்கும் நிலையில்தான் வருகிறது. வேகத்துக்காக அதை அணைக்காதீர்கள்.

அமைப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும் நிரல் இணைப்பைத் திருப்பித் தராவிட்டால் எல்லாம் வீண். ஊருக்கு வந்த பெல்ட் டைப் அறுவடை மிஷினை ஒருவர் தன் வயலை அறுத்து முடித்த பிறகும் வரப்போரம் நிறுத்தியே வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? மிஷின் பழுதில்லை, டீசல் இருக்கிறது, ஆனால் அடுத்த வயல் அறுபடாது. பூலிலும் அதுவே. இணைப்பைக் கேட்கும் வரியை டிரை அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டால், பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஜாவா அதை மூடிவிடும். 2011-இல் வந்த ஜாவா 7-லிருந்தே இந்த வசதி இருக்கிறது. ஆனாலும் ஃபைனலி தொகுதியில் கையால் மூடும் பழைய நிரல்கள் இன்னும் புழக்கத்தில் உண்டு, அவற்றில் ஏதாவது ஒரு பாதை மூடாமல் தப்பியிருக்கும். அதைக் கண்டுபிடிக்க லாக் அபாண்டன்ட், ரிமூவ் அபாண்டன்ட் ஆன் பாரோ இரண்டையும் சோதனைச் சர்வரில் இயக்குங்கள். எந்தக் கிளாஸில் எந்த வரியில் வாங்கிய இணைப்பு திரும்பவில்லை என்பதை லாகில் காட்டிக்கொடுத்துவிடும். உண்மைச் சர்வரில் இதை நம்பிக் காலம் தள்ளுவது சரியல்ல. ஓட்டையை நிரலில் அடைப்பதுதான் வேலை.

எல்லாம் முடிந்தபின் சுமைச் சோதனைக் கருவியான ஜேமீட்டரில் 250 பயனர்களைக் கற்பனையாக உருவாக்கி அரை மணி நேரம் ஓடவிடுங்கள். அதே வேளையில் போஸ்ட்கிரஸில் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி என்ற பார்வையைத் திறந்து வையுங்கள். ஒவ்வொரு இணைப்பும் என்ன செய்கிறது என்று அதில் தெரியும். ஐடில் என்று இருப்பவை பூலில் ஓய்வாக இருப்பவை, கவலையில்லை. ஐடில் இன் டிரான்சாக்‌ஷன் என்று நிமிடக்கணக்கில் நிற்பவைதான் தொல்லை: வேலையைத் தொடங்கிய நிரல் கமிட்டும் செய்யவில்லை, ரோல்பேக்கும் செய்யவில்லை. பெரும்பாலும் நடுவில் குறுஞ்செய்தி அனுப்பவோ வேறு தளத்தைக் கூப்பிடவோ போயிருக்கும். டோக்கனைப் பதிந்து, கமிட் செய்து, இணைப்பைத் திருப்பித் தந்த பிறகே குறுஞ்செய்தி அனுப்பும்படி அந்த இடத்தை மாற்றி எழுதுங்கள்.

சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போதே போஸ்ட்கிரஸை வேண்டுமென்றே ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள். டாம்கேட்டைத் தொடாமலேயே செயலி ஒரு நிமிடத்துக்குள் தானாக மீண்டு வர வேண்டும். வரவில்லை என்றால் டெஸ்ட் ஆன் பாரோவையும் சாக்கெட் டைம்அவுட்டையும் மறுபடி பாருங்கள்.

இந்தச் சோதனையை மார்கழிக்குள் முடித்துவிடுங்கள். பொங்கலுக்குப் பிறகு சர்வரில் கைவைக்க யாரும் உங்களுக்கு நேரம் தர மாட்டார்கள்.